நீலப் பொட்டு

நான்காவது கண்ணாடியும் காலை வாரிவிட்டது.

கண்ணாடிக்காரர் அதைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். எதிர்ச் சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையில் மேல் வரிகள் நின்றன. கீழ் வரிகள் மழையில் நனைந்த சுவரொட்டி மாதிரி கரைந்து வழிந்தன. போன வாரம் இதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இதே நாற்காலியில் உட்கார்ந்து, கடைசி வரியை ஒரே மூச்சில் வாசித்தவர் அவர்.

வேறொருவராக இருந்தால் பயந்திருப்பார். இவர் பயப்படவில்லை. எழுந்துபோய் லென்ஸ் அலமாரியைத் திறந்தார்.

அதுதான் அவர் செய்த தப்பு. அந்தத் தப்பைச் செய்கிற வசதி வேறு யாருக்கும் கிடையாது. கண் மங்கினால் மற்றவர்கள் யாரிடமாவது போய்ச் சொல்லியாக வேண்டும். யாராவது நாற்காலியில் உட்கார வைத்துச் சோதிக்க வேண்டும். "ஏன் மங்குது, எப்பலேருந்து மங்குது" என்று யாராவது ஒரு வார்த்தை கேட்டுவிடுவார்கள். இவருக்கு அந்தத் தொல்லை இல்லை. சோதிக்கிற லென்சுகள் கைக்கு எட்டுகிற தூரத்தில். தேய்க்கிற கல் மரத் தட்டிக்குப் பின்னால். தானே அளந்து, தானே தேய்த்து, மதியச் சாப்பாட்டுக்குள் மூக்கில் புதுக் கண்ணாடி ஏறிவிடும். கேட்பதற்கு ஆள் இல்லை.

ஒரே ஒரு ஆளைத் தவிர.

"என்ன, அஞ்சாவதா?" என்றாள் மனைவி, கல்லாமேசைப் பக்கமிருந்து. கையில் யாருடையதோ பிரேம். சூடான மணல் தட்டில் அதன் காதுக் கம்பியைப் புதைத்து, இளகியதும் எடுத்து விரலால் வளைத்துக்கொண்டிருந்தாள். அவள் வளைத்த கண்ணாடி மூக்கைவிட்டு இறங்காது என்று அந்தத் தெருவில் பேர். "நாலு பொண்டாட்டி கட்டினவன் கதைதான் உங்க கதை. நாலும் ஆணியில தொங்குது, ஒருத்திகிட்டயும் நிம்மதி இல்ல."

"வயசானா பவர் மாறும்."

"மாறும். வருஷத்துக்கு ஒரு தடவை மாறும். உங்களுக்கு வாரத்துக்கு ஒரு தடவை வயசாகுதா?"

அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்து அண்ணாந்து குடித்தார். பாதி பாட்டில் போன பிறகும் நாக்கு காய்ந்த தோலாகத்தான் இருந்தது.

சொல்லாமல் விட்டது நிறைய இருந்தது. நான்கு கண்ணாடியில் எது அன்றைக்குச் சரிப்படும் என்று காலையில் சட்டை எடுப்பதுபோல ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார். இடுப்பு வாரில் புது ஓட்டை போட்டுவிட்டார், அவளுக்குத் தெரியாமல், கண்ணாடிக்குத் துளை போடுகிற ஊசியாலேயே. சாப்பாடு குறையவில்லை, ஆள்தான் குறைகிறார். கல்லில் ஒரு லென்சைத் தேய்த்து முடிப்பதற்குள் கொல்லைப்பக்கம் போய்வர வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் என்னவென்று அவருக்குத் தெரியும். அதுதான் விஷயமே. தெரியாதவர் டாக்டரிடம் போவார், தெரிந்தவர் ஒளிந்துகொள்வார். அவருடைய அண்ணனுக்கும் இதே தாகம், இதே மெலிவு, இதே மங்கல். அண்ணன் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். சர்க்கரை என்றார்கள். அடுத்த மாதமே அண்ணன் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார்.

கண்ணாடிக்காரரின் கணக்கு இவ்வளவுதான்: யாரும் அந்த வார்த்தையைச் சொல்லாதவரைக்கும் இது வெறும் பவர் மாற்றம். சொல்லிவிட்டால் கண் போகும். கண் போனால் கடை போகும். கடை போனால் மிச்சம் என்ன, நாலு காலி பிரேம்.

ஐந்தாவது கண்ணாடிக்கு லென்சை எடுத்துக் கல்லில் வைத்தார். தண்ணீர் சொட்டச் சொட்டக் கல் சுழன்றது.

* * *

வினை ஒரு பஸ் டிரைவர் ரூபத்தில் வந்தது.

கடைக்கு வாடிக்கைதான், நல்ல மாதிரி. ஆள் படி ஏறும் முன்னால் குரல் ஏறிவிடும் என்பதால் டிப்போவில் அவனுக்கு 'ஹாரன்' என்று பட்டப்பெயர். அன்று சத்தமில்லாமல் வந்து நின்றான். அதுவே சரியில்லை.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இந்தக் கண்ணாடி எனக்கு ஒத்துக்கல."

"போட்டுப் பழகணும் தம்பி. ரெண்டு நாள் ஆகும்."

"ஒரு வாரம் பழகிட்டேன். தலை வலிக்குது. அது கெடக்கட்டும். டிப்போவுக்குள்ள வண்டியைத் திருப்பினேன். கம்பம் எட்டி நிக்குதுன்னு நெனைச்சேன். பக்கத்துல நின்னுச்சு. கண்ணாடி மட்டும்தான் ஒடைஞ்சுது, வண்டிக் கண்ணாடி." அவன் தலையைச் சொறிந்தான். "ரோட்டுல போட்டுட்டுப் போகல அண்ணே. பழசைப் போட்டுக்கிட்டுத்தான் ஓட்டறேன். அம்பது அறுபது பேரு பின்னாடி உக்காந்திருக்காங்களே."

கண்ணாடிக்காரருக்கு முகம் சிவந்தது. "என் கையில வந்த கண்ணாடி இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல."

"அதனாலதான் எனக்கும் சொல்லவே கூச்சமா இருந்துச்சு."

"லென்ஸ் கம்பெனிக்காரன் பண்ற கூத்து. உறையில ஒரு பவர் எழுதறான், உள்ள வேற வெக்கிறான். கொஞ்ச நாளா இதே தலைவலி. நான் அளந்து பாத்து, மாத்தி மாத்திப் போடறேன். இரு, பாத்துடலாம்."

அவர் லென்சோமீட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஒற்றைக் கண்ணால் குனிந்து பார்க்கிற கருவி அது. உள்ளே பச்சைக் கோடுகள் தெரியும். கோடுகள் கூர்மையாகிற இடத்தில் லென்சின் பவரைப் படித்துக்கொள்ளலாம். ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்குத் தகுந்தபடி முதலில் கண் வைக்கிற வளையத்தைத் திருகிச் சரி செய்ய வேண்டும். வாங்கிய அன்றே அவர் தன் கண்ணுக்கு ஏற்ற இடத்தைக் கண்டுபிடித்து வளையத்தின் ஓரத்தில் நீலப் பெயிண்ட்டால் ஒரு பொட்டு வைத்தார். மனைவி தன் கண்ணுக்கு ஏற்ற இடத்தில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள். தினமும் கடை திறந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வளையத்தைத் திருகி, கருவியின் உடம்பில் இருக்கிற குறிக்கு நேராக நீலத்தைக் கொண்டுவருவார். கோடுகளைப் பார்த்துத் திருகுவதெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு. அவருக்குப் பொட்டு போதும்.

பார்த்தார். "இதோ, சரியாத்தானே இருக்கு. சீட்டுல என்ன இருக்கோ அதே பவர்."

"கொஞ்சம் எந்திரிங்க" என்றாள் மனைவி.

அவள் உட்கார்ந்தாள். வளையத்தைச் சிவப்புக்குக் கொண்டுவந்தாள். பார்த்தாள். லென்சைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு டிரைவரைப் பார்த்துச் சாதாரணமாக, சாயங்காலம் மழை வரும்போல என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"தம்பி, தப்பு எங்க மேல. லென்ஸ் மாறிப் போச்சு. பழைய கண்ணாடியிலயே ஓட்டிக்கிட்டு இருங்க. சரி பண்ணி நானே சொல்லி அனுப்பறேன்."

"கம்பெனிக்காரன் தப்பா அண்ணி?"

"எங்க தப்பு" என்றாள் மறுபடியும்.

அவன் போன பிறகு அவர் சண்டைக்குத் தயாராக இருந்தார். ஆனால் அவள் சண்டை போடவில்லை. அவளுடைய வழியே வேறு. மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளை ஒட்டு நாடாவை எடுத்தாள். வளையத்தின் ஓரத்தைச் சுற்றி, நீலமும் சிவப்பும் மறையும்படி ஒட்டினாள்.

"இப்ப உக்காருங்க. பொட்டு இல்லாம, கோட்டைப் பாத்து வளையத்தைத் திருகுங்க. எங்க கூர்மையா தெரியுதோ அங்க நிறுத்துங்க."

"எதுக்கு?"

"எனக்காக."

திருகினார். நிறுத்தினார். அவள் பென்சிலால், கருவியின் குறிக்கு நேராக, நாடாமேல் ஒரு சின்னக் கோடு போட்டாள்.

மறுநாள் காலை அதேபோல. சாயங்காலம் அதேபோல. அதற்கு மறுநாளும். அவர் "இது என்ன விளையாட்டு" என்றார். அவள் "விளையாட்டுதான், ஆடுங்க" என்றாள். இதற்கு நடுவில் கடைக்கு வந்த லென்சுகளை எல்லாம் அவளே அளந்தாள். அவர் கல்லுக்குப் போனார், கொல்லைக்குப் போனார், தண்ணீர்ப் பானைக்குப் போனார்.

வாரக் கடைசியில், கடை சாத்துகிற நேரத்துக்கு, அவரை விளக்குக்குக் கீழே உட்கார வைத்து வளையத்தைக் காட்டினாள்.

"பாருங்க. ஒரு கோடு இங்க. ஒண்ணு அங்க. இது புதன்கிழமை. இது அன்னிக்கே சாயங்காலம். ஒருத்தர் கண்ணுன்னா எல்லாக் கோடும் ஒரே எடத்துல விழணும். பவர் மாறினாக்கூட, மாறின எடத்துல கும்பலா விழணும். இது என்ன, வெரட்டி விட்ட கோழிக்குஞ்சு மாதிரி நாலா பக்கமும் ஓடுது?" நாடாவில் ஒரு துண்டை மட்டும் கிழித்து உரித்தாள். நீலப் பொட்டு தன்னந்தனியாகக் கிடந்தது. ஒரு கோடுகூட அதன் கிட்டே வரவில்லை. "மிஷின் மாறல. லென்ஸ் மாறல. கம்பெனிக்காரன் பாவம், அவனைத் திட்டித் தீத்துட்டீங்க. மாறிக்கிட்டே இருக்கறது நீங்க."

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாயால் சொல்லியிருந்தால் வாதாடியிருப்பார். கண்ணைப் பற்றி அவரிடம் வாதாடி ஜெயித்தவர் கிடையாது. ஆனால் இது அவர் திருகிய வளையம், அவர் நிறுத்திய இடம். அவருக்கு எதிராக அவரையே சாட்சி சொல்ல வைத்துவிட்டாள். உள்ளுக்குள் ஒரு மூலையில், பயத்துக்கு நடுவிலும், 'அட, என்ன மூளை இவளுக்கு' என்று தோன்றியது.

"இடுப்பு வாரையும் பாத்தேன்" என்றாள் மெதுவாக. "ராத்திரி நீங்க எந்திரிக்கறதும் தெரியும். சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"தெரியும்ல. அப்புறம் என்ன சொல்றது."

"சர்க்கரைன்னு நெனைக்கறீங்க."

அந்த வார்த்தை வெளியே வந்துவிட்டது. கூரை இடிந்து விழவில்லை. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"அண்ணன் நல்லாத்தான் இருந்தாரு" என்றார் அவர். "ஆஸ்பத்திரிக்குப் போனாரு. போன மறு மாசம் கண்ணு போச்சு."

"முன்னுக்குப் பின்னா சொல்லாதீங்க. கண்ணு போக ஆரம்பிச்ச பின்னாடிதான் ஆஸ்பத்திரிக்கே போனாரு. அதுவரைக்கும் என்ன பண்ணினாரு?"

அதுவரைக்கும் அண்ணன் ஒன்றும் பண்ணவில்லை. தண்ணீர் குடித்தார். ஒளிந்துகொண்டார்.

"காலையில போறோம்" என்றாள். "ஆனா ஒண்ணு. உள்ள வந்து நான் வாயைத் தொறக்க மாட்டேன். எல்லாத்தையும் நீங்கதான் சொல்லணும். இடுப்பு வார் உட்பட."

* * *

டாக்டரம்மா பக்கத்துத் தெருவில்தான். சின்ன அறை, ஒரு மேசை, எடை பார்க்கிற மெஷின், ஜன்னலோரம் ஒரு பச்சைச் செடி. டாக்டரம்மாவின் மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. உட்காரும்போதே மனைவியின் விரல்கள் அதை நிமிர்த்தத் துடித்ததைக் கண்ணாடிக்காரர் கவனித்தார்.

"சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

"கண்ணு கொஞ்சம் மங்கலா..." என்று ஆரம்பித்தார் அவர். "பவர் அப்பப்ப மாறுது. மத்தபடி ஒண்ணுமில்ல."

மனைவி ஜன்னல் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனம் அவர் விலாவில் முழங்கை மாதிரி இடித்தது.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "கண்ணு கடைசியில. ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கறீங்க?"

"நாலு. சில நாள் அஞ்சு."

"தாகம்?"

"தீர மாட்டேங்குது."

"எடை?"

அவர் சட்டையைத் தூக்கி இடுப்பு வாரின் புது ஓட்டையைக் காட்டினார். காட்டிவிட்டு, தானே ஆச்சரியப்பட்டார். இத்தனை நாள் பூட்டி வைத்ததைச் சொல்ல இவ்வளவு நேரம்தான் ஆகிறது. பிறகு யாரும் கேட்காமலே மிச்சத்தையும் கொட்டினார். அண்ணன் கதை, கல்லில் கீறிய விரல் ஆறாமல் இருப்பது, மதியத்துக்கு மேல் கை காலெல்லாம் ஓய்ந்துபோவது, டிரைவர் கண்ணாடி, டிப்போ கம்பம். எல்லாம்.

"எத்தனை நாளா சந்தேகப்படறீங்க?"

"மூணு மாசமா."

"அப்ப இத்தனை நாள் என்ன பண்ணினீங்க?"

"கண்ணாடி பண்ணினேன். அஞ்சு."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் பேஷண்டுங்கள்ல தண்ணி குடிச்சு மறைச்சவங்க உண்டு, வெந்தயத்தை அரைச்சுக் குடிச்சவங்க உண்டு. கண்ணாடி தேச்சு மறைச்சவரை இப்பத்தான் பாக்கறேன்." விரல் நுனியில் சுருக்கென்று குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார். முகம் மாறவில்லை. "அதிகமாத்தான் இருக்கு. ஆனா இதை மட்டும் வெச்சு நான் முடிவு சொல்ல மாட்டேன். நாளைக்கு வெறும் வயித்துல ரத்தம் குடுங்க. சாப்பிட்டு ஒரு தடவை. அதோட மூணு மாசச் சராசரி காட்டற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, அதையும் எடுக்கணும்."

"நேத்து ராத்திரி சாப்பாடு வேண்டாம்னு சொல்லிட்டாரு" என்றாள் மனைவி. அங்கே அவள் பேசியது இது ஒன்றுதான். "பரீட்சைக்குப் படிக்கறாராம்."

"மூணு மாசத்தை ஒரு ராத்திரியில ஏமாத்த முடியாது" என்றார் டாக்டரம்மா.

மறுநாள் மாலை முடிவு வந்தது. சர்க்கரைதான். சந்தேகத்துக்கு இடமில்லை.

கண்ணாடிக்காரர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கேட்க வேண்டியது ஒன்றுதான். மனைவி இப்போதும் கேட்கவில்லை. அவர் கேட்கட்டும் என்று காத்திருந்தாள்.

"கண்ணு போயிடுமா?"

"பின்பக்கத்தைப் பாக்காம நான் எப்படிச் சொல்றது? அதுக்குத் தனி டாக்டர் இருக்காங்க, நாளைக்கே அனுப்பறேன். ஆனா இந்த மங்கல் வந்து, கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் சர்க்கரையில வீங்கறதால வர்றது. சர்க்கரை ஏறினா ஒரு பவர், எறங்கினா ஒரு பவர். சர்க்கரை கட்டுக்குள்ள வந்து நின்னா லென்சும் தன் எடத்துக்கு வந்துடும். அதுக்கு வாரக்கணக்குல ஆகும். மாத்திரை, சாப்பாடு, நடை, மூணும் தவறக் கூடாது." டாக்டரம்மா விரலை உயர்த்தினார். "இன்னொண்ணு. அதுவரைக்கும் புதுசா கண்ணாடி போடவே கூடாது. மத்தவங்களுக்கு இதைச் சும்மா சொல்லுவேன். உங்களுக்கு உத்தரவாச் சொல்றேன்."

மறுநாள் பகலில் கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை விரித்து, வெளிச்சம் பாய்ச்சி, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் மேலே கீழே என்று பார்க்கச் சொல்லிப் பார்த்தார். அந்த நேரத்தில் கண்ணாடிக்காரர் மூச்சு விட்டாரா என்பது அவருக்கே ஞாபகமில்லை.

"சுத்தமா இருக்கு" என்றார் கண் டாக்டர். "நேரத்துக்கு வந்துட்டீங்க. வருஷா வருஷம் வந்து காட்டுங்க."

வெளியே வந்ததும் வெயில் ஊசியாகக் குத்தியது. மருந்தின் வேகத்தில் எதுவும் பிடிபடவில்லை. மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். நடுத்தெருவில், கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, அவர் அந்தக் கையை விடச் சொல்லவில்லை.

* * *

மறுநாள் காலை கடை வாசலில் ஒரு பலகை வைக்க வேண்டும் என்றது அவர்தான்.

"டிரைவர் தம்பிக்கு மட்டுமா மாத்திக் குடுத்திருப்பேன்? உறையை நம்பாம என் கண்ணை நம்பினேனே. எல்லாரையும் கூப்பிடணும்."

மனைவி சாக்பீசை எடுத்தாள். கொஞ்சம் யோசித்தாள். "மிஷின் கோளாறுன்னு எழுதட்டுமா?"

"மிஷின் மேல எதுக்குப் பழி. உள்ளதை எழுது."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு உள்ளதை எழுதினாள்: கடைக்காரரின் கண்ணில் கோளாறு இருந்தது. கடந்த மூன்று மாதத்தில் கண்ணாடி வாங்கியவர்கள் தயவுசெய்து கொண்டுவந்து காட்டவும்.

கண்ணாடிக் கடைக்காரன் தன் கண் சரியில்லை என்று வாசலில் எழுதி வைக்கிறான். தெரு சிரிக்கும் என்று எதிர்பார்த்தார். சிரித்ததும் உண்டு. ஆனால் ஆட்கள் வந்தார்கள். தையல்காரர் வந்தார், டீச்சர் வந்தார், கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் வந்தார். மனைவி உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்தாள். பெரும்பாலானவை சரியாகவே இருந்தன. நாலைந்துதான் தப்பு. அவற்றுக்குப் புது லென்ஸ் தேய்த்தது அவர்.

கண் தெரியாமல் எப்படித் தேய்த்தார் என்றால், விரலால். லென்சைக் கல்லில் வைத்துச் சுழற்றி, விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் தடவி, எங்கே மேடு எங்கே பள்ளம் என்று தொட்டே தெரிந்துகொண்டார். கல்லின் சத்தம் மாறுவதை வைத்தே எவ்வளவு தேய்ந்தது என்று சொன்னார். அளவு பார்ப்பது, மையப் புள்ளி குறிப்பது, கடைசியில் பிரேமில் பொருத்தி விளிம்பைச் சீவுவது எல்லாம் அவள். ஒருத்தர் கண், ஒருத்தர் கை. இரண்டும் சேர்ந்து ஒரு முழுக் கண்ணாடிக்காரர்.

ஹாரன் வந்து தன் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று தெருக்கோடி வரை பார்த்தான். குரல் திரும்பி வந்துவிட்டது. "அண்ணே, கோடியில நிக்கற நாய் கொட்டாவி விடறது தெரியுது."

"பலகையைப் பாத்தியா தம்பி?"

"பாத்தேன். டிப்போவுல எல்லாரும் பாத்தாச்சு. 'தன் கண்ணு சரியில்லன்னு சொல்றவன்கிட்டதான் தைரியமா கண்ணாடி போடலாம்'னு மேனேஜர் சொல்றாரு." குனிந்து குரலைத் தாழ்த்தினான். அவன் தாழ்த்தினால் பக்கத்துக் கடை வரைக்கும்தான் கேட்கும். "நானும் ரெண்டு மாசமா தண்ணியா குடிக்கறேன். வெயில்ல ஓட்டறதாலன்னு நெனைச்சேன். உங்க கதையைக் கேட்டதும் பயம் வந்துடுச்சு. போய் ஒரு சொட்டு குடுத்துட்டு வந்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"எனக்கு வெயில்தான். ஒண்ணுமில்ல. ஆனா கேட்டுட்டதுல தூக்கம் நல்லா வருது."

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் அடுத்த இடி.

மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாள் ஆகியிருக்கும். தாகம் குறைந்தது, ராத்திரி தூக்கம் வந்தது, ஆனால் கிட்டத்தில் இருப்பது எதுவும் தெரியவில்லை. தட்டில் இருக்கிற சாப்பாடு மங்கல். கை ரேகை மங்கல். முன்னாலாவது தூரம்தான் கலங்கியது. இப்போது கண்ணுக்கு முன்னால் இருக்கிறதே கலங்குகிறது. உள்ளங்கையில் இருந்த மாத்திரையைப் பார்த்தார். அது வெறும் வெள்ளைப் புகையாகத் தெரிந்தது.

"இது வேண்டாம்" என்றார். "இதுதான் கண்ணைத் தின்னுது. அண்ணனுக்கும் இப்படித்தான் ஆயிருக்கும். இன்னியோட நிறுத்தறேன்."

அவள் கெஞ்சவில்லை, அதட்டவும் இல்லை. "நிறுத்துங்க. ஆனா குடுத்தவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு நிறுத்துங்க" என்று போனில் எண்ணைப் போட்டு அவர் காதில் வைத்தாள்.

டாக்டரம்மா முழுதும் கேட்டார். "தூரம் எப்படி?"

"தூரம்... பரவாயில்ல."

"கிட்டத்துல தெரியல. சரியா? வீங்கின லென்ஸ் சுருங்குது. சர்க்கரை எறங்கறப்ப இப்படி எதிர்ப்பக்கம் ஒரு ஆட்டம் ஆடும். நீங்க பயப்படறது நல்ல சேதியைப் பாத்து. மாத்திரையைப் போடுங்க, நாளைக்கு வந்து சர்க்கரை பாருங்க."

போனை வைத்தபோது அவர் நெற்றியில் வியர்வை. மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார். அவள் தண்ணீரை நீட்டினாள்.

"அந்த அஞ்சு கண்ணாடியும் எங்க?" என்றார். "கிட்டத்துக்கு எதாவது ஒத்து வருதான்னு..."

"பிஸ்கட் டப்பாவுல போட்டுப் பூட்டிட்டேன். சாவி எங்கன்னு கேக்காதீங்க. எங்க வெச்சேன்னு எனக்கே சொல்லிக்கல."

பிறகு காத்திருப்புதான். அது தேய்ப்பதைவிடக் கடினமான வேலை. ஒரு கை நீட்டினால் லென்ஸ் அலமாரி. அந்தக் கையை நீட்டாமல் வைத்திருக்க வேண்டும். காலையில் இருவரும் தெருவைச் சுற்றி நடந்தார்கள். அவள் முன்னால், அவர் அவள் புடவையின் நிறத்தைக் குறிவைத்துக்கொண்டு பின்னால். "ஏன் ஓடறே" என்பார். "நீங்க பிடிக்கறீங்களான்னு பாக்கறேன்" என்பாள். இடுப்பு வார் மெதுவாகப் பழைய ஓட்டைக்குத் திரும்பியது. டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் சீட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மூன்றாவது தடவை போனபோது மனைவி பொறுக்க முடியாமல், "ஒரு நிமிஷம் குடுங்க" என்று அவருடைய சாய்ந்த கண்ணாடியை வாங்கி, அங்கேயே மேசை விளக்கின் சூட்டில் காட்டி நிமிர்த்திக் கொடுத்தாள்.

மாதம் ஒன்று போய் இன்னும் சில வாரமும் போயிற்று.

ஒரு காலை, கடை திறந்ததும், அவர் தானாகவே லென்சோமீட்டர் முன்னால் உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். நாடா எதுவும் இல்லை. கட்டைவிரலால் இரண்டு பொட்டையும் மறைத்துக்கொண்டாள்.

"திருகுங்க."

பச்சைக் கோடுகள் முதலில் பாசி மாதிரி குழம்பியிருந்தன. வளையத்தை அவர் மெல்ல மெல்லத் திருப்பினார். அவள் விரலும் வளையத்தோடு சேர்ந்து நகர்ந்தது. பாசி நூலாயிற்று, நூல் கம்பியாயிற்று. கம்பி கத்தி விளிம்பு மாதிரி கூர்மையான இடத்தில் அவர் கையை எடுத்தார்.

நிமிர்ந்தார். எதிரே மேசையில் பழுப்பு பிரேம் போட்ட அவருடைய பழைய கண்ணாடி இருந்தது. இந்த அமளியெல்லாம் ஆரம்பிப்பதற்கு முன்னால் வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தது. அவள்தான் எடுத்து வைத்திருக்கிறாள். மாட்டினார்.

முதலில் தெரிந்தது அவள் கட்டைவிரல்.

வளையத்தின் மேல் அழுந்தியிருந்த அந்த விரலில், நகத்தை ஒட்டி, பக்கவாட்டில், நுனியில், குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்ன வெட்டுகள். சில ஆறி வெள்ளையாகியிருந்தன. ஒன்று நேற்றையது. லென்ஸ் விளிம்பைச் சீவுகிறபோது பழகாத கையைக் கண்ணாடி இப்படித்தான் கடிக்கும். அவருடைய முதல் வருஷ விரல்களும் இப்படித்தான் இருந்தன. இத்தனை வாரமாக அந்தக் கை தண்ணீர் கொடுத்தது, மாத்திரை கொடுத்தது, தெருவில் அவர் கையைப் பிடித்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"பொட்டைப் பாருங்க" என்றாள் அவள், விரலை எடுத்துக்கொண்டே. நீலம் கருவியின் குறிக்கு நேராக, ஒரு மயிரிழைதான் தள்ளி நின்றது. "பாருங்கன்னா. வந்துடுச்சு."

அவர் பொட்டைப் பார்க்கவில்லை. எடுத்த விரலைப் பிடித்து விளக்குக்குக் கீழே கொண்டுவந்தார்.

"இதை ஏன் சொல்லல?"

"சொன்னா மட்டும் தெரியவா போகுது? கண்ணு வந்ததும் பாத்துக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவர் கையை விடவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, மருந்துத் துணியைத் தேடி எடுத்து, கத்தரித்து, மடித்து, ஒரு லென்சின் மையத்தைக் குறிக்கிற நிதானத்தோடு, நேற்றைய வெட்டின் மேல் சரியாக ஒட்டினார்.